பளபளப்புப் பெட்டியில நிக்காத மை

இல்ல தம்பி, உங்க மிஷின் மையைப் பிரவுன் பெட்டியில அடிச்சுக் காட்டாதீங்க. அதுல எதை அடிச்சாலும் நிக்கும். டீயைத் தொட்டு எழுதினாக்கூட நிக்கும். எனக்கு இதுல அடிங்க, இந்தப் பளபளப்புப் பெட்டியில. ம், அதேதான், டேபிள் ஃபேன் பெட்டி. அடிச்சாச்சா? அழகா இருக்கு, யாரு இல்லேன்னா. ஒரு நிமிஷம் காயட்டும். இந்தாங்க ஈரத்துணி, தேய்ங்க. கூச்சப்படாதீங்க, நல்லா அழுத்தி. பாத்தீங்களா? பெட்டியில இருந்த தேதி இப்ப துணியில இருக்கு.

முகத்தைத் தூக்கி வெச்சுக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி மூணு கம்பெனிக்காரங்க வந்துட்டுப் போயாச்சு. மூணு பேருக்கும் இதே துணிதான், இதே பெட்டிதான். நீங்களாவது தேய்ச்சீங்க. போன வாரம் ஒருத்தர் வந்தாரு, கோட்டு சூட்டு எல்லாம் போட்டுக்கிட்டு, நியூ டவுன் ஆபீஸ்லேருந்து. துணியைக் கண்டதும், தாதா, அதான் அண்ணே, எங்க மிஷினை உலகம் பூரா வெச்சிருக்காங்கன்னு ஆரம்பிச்சாரு. உலகம் பூரா இருக்கட்டும்ப்பா, கார்டன் ரீச்ல ஆடி மாச மழையில உன் மை நிக்குமா, அதைச் சொல்லுன்னேன். அவ்வளவுதான், பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

உங்க கார்டுல அஷ்வத்துன்னு பாத்தேன். கீழே ஈரோடு போன் நம்பரையும் பேனாவுல எழுதியிருந்தீங்களா, சரி, நம்ம ஊர்ப் பிள்ளைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் இராஜமாணிக்கம். கும்பகோணம் பக்கம். பக்கம்னு சொல்றேனே தவிர நான் பொறந்தது வளந்தது எல்லாம் இங்க கல்கத்தாவுலதான். அப்பா போர்ட்ல வேலை பாத்தாரு. இங்க எல்லாருக்கும் நான் மானிக்-தா, மாணிக்கம் அண்ணன். முப்பத்தோரு வருஷமா இந்த ஃபேன் கம்பெனியில டிஸ்பாச். பெட்டி கட்டறது, பெட்டி மேல எழுதறது, லாரியில ஏத்தறது. வேற ஒண்ணும் தெரியாது எனக்கு. இது ஒண்ணு தெரியும்.

தெரியும்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அதோ மூலையில துணி போத்தி வெச்சிருக்கே, அதுதான் பழைய மிஷின். பெரிய எழுத்து மிஷின், புள்ளி புள்ளியா துப்பும். தண்ணி மை. பிரவுன் அட்டைன்னா உறிஞ்சிக்கும், லாரி மழையில நின்னாலும் லேசா பரவும், படிக்க முடியும். பளபளப்பு அட்டையில மேல ஒரு பூச்சு இருக்குல்ல, அது மையை உள்ள விடாது. மேலயே உக்காந்துக்கிட்டு காஞ்சா மாதிரி ஏமாத்தும். ஈரக்கை பட்டா முடிஞ்சுது. நீங்க தலையாட்டறீங்க, உங்களுக்குத் தெரியாததா. ரெண்டாவது வந்தவரு எண்ணெய் மை மிஷின் கொண்டாந்தாரு. எழுத்து அச்சுப் புத்தகம் மாதிரி. ஆனா இந்தப் பெட்டியில மூணு நாள் கழிச்சுத் தொட்டாலும் விரல்ல ஒட்டுது. இன்னொருத்தர் லேபிள் ஒட்டிடுங்க, தலைவலியே இல்லேங்கிறாரு. இந்த ஊர் ஈரக்காத்துல லேபிள் நிக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? மூலை சுருட்டிக்கும், லோடர் பொழுதுபோகாம பிச்சுப் போடுவான்.

உங்க கார்ட்ரிட்ஜ் மிஷின்தான் பாக்கி. நாஸில் அடைச்சா கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிக்கலாம், அது பிடிச்சிருக்கு எனக்கு. பூஜைக்கு அஞ்சு நாள் லீவு விட்டுட்டு வந்து பாத்தா பழைய மிஷின்ல மை இறுகிப்போயிருக்கும். ஒரு நாள் பூரா கழுவிக்கிட்டு உக்காந்திருப்போம். ஆனா உங்களுது எழுத்து அரை அங்குலம்தானே? ரெண்டு பிரிண்ட் தலையை மேல கீழ சேத்தா ஒரு அங்குலமா? அப்ப சரி. பெட்டிக்கு ரொம்பக் கிட்ட நிக்கணும்ல? மழைக்காலத்துல அட்டை உப்பிக்கிட்டு வந்து தலையில இடிக்குமே? சரி, ஓரத்துல கம்பி வெச்சு அமுக்கிவிடலாம். எழுதிக்கிறேன்.

என்ன கேட்டீங்க? பளபளப்புப் பெட்டி எங்க மொத்த உற்பத்தியில எவ்வளவுன்னா? பத்துல ஒண்ணு இருக்கும். ஆமா, அதுக்குப் போயா இவ்வளவு பிடிவாதம்னு கேக்கறீங்க. ஜி.எம். சாரும் இதேதான் கேக்கறாரு. திங்கக்கிழமை எந்த மிஷின்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும், இவரு ஒரு மாசமா ஈரத்துணியை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறாராம். நான் மூணு பக்கம் மெமோ எழுதிக் குடுத்திருக்கேன். தண்ணி மையால சரக்கு போய்ச் சேரல, புகார் வந்திருக்குன்னு.

எத்தனை புகாரா?

ஒண்ணு.

சிரிங்க, பரவாயில்ல. ஒரே ஒரு பெட்டி. ஆனா அது என் பெட்டி, தம்பி. என் வீட்டுப் பெட்டி.

கல்யாணம் ஆச்சா உங்களுக்கு? இல்லையா. அப்ப உங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட பயமா இருக்கு எனக்கு. சும்மா சொன்னேன். இப்ப வீட்ல சமைக்க ஆளும் இல்ல. நானே ஒரு சாதத்தை வெச்சு, தயிரை ஊத்தி, ஊறுகாயை நக்கிட்டுப் படுத்துடறேன்.

விஷயம் என்னன்னா, அந்தப் பழைய மிஷினை மாட்ட ஒரு சர்வீஸ் பையன் வந்தான். பெங்காலிப் பையன். மூணு நாள் வேலை. கையெல்லாம் மை. டிபன் பாக்ஸ்ல வெறும் முடி, அதான் பொரி, அதைத் தண்ணியில நனைச்சுத் தின்னுக்கிட்டிருந்தான். பாக்கப் பாவமா இருந்துச்சு. வாடான்னு நான்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். வேற யாரு மேலயும் பழி போட முடியாது பாருங்க. நாகம்மா, என் சம்சாரம், சாம்பார் ஊத்தினா. ரஞ்சனா அப்பளம் கொண்டாந்து வெச்சா. எங்களுக்கு ஒரே பொண்ணு. அப்ப காலேஜ் கடைசி வருஷம். அடுத்த ரெண்டு வருஷம் எங்க மிஷின் மாசத்துக்கு ரெண்டு தடவை ரிப்பேர் ஆச்சு. எனக்கு அப்பவாவது சந்தேகம் வந்திருக்கணும். நல்ல மிஷின் அது, அப்படியெல்லாம் ரிப்பேர் ஆகாது.

அவனைத்தான் கட்டிக்குவேன்னு ரஞ்சனா வந்து நின்னா. என்னத்தைச் சொல்ல. ஜாதி, ஊரு, பாஷை, மை ஒட்டின கை, எல்லாத்தையும் சொன்னேன். என் வாயால என்னென்ன வரும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவ கேட்டுக்கிட்டே நின்னா. ரெஜிஸ்டர் பண்ணிக்கிட்டு சிலிகுரி போயிட்டாங்க. அங்க அவன் சொந்தமா சர்வீஸ் கடை போட்டான். நல்லாத்தான் நடத்தறான்னு சொல்லிக்கிட்டாங்க. நான் மூணு வருஷம் போன்ல பேசல. நாகம்மா பேசுவா, சமையக்கட்டுல போய், குழாயைத் திறந்து விட்டுட்டு. எனக்குக் கேக்கக்கூடாதாம். எனக்கு எல்லாம் கேக்கும். சத்தம் போட்டுக் குழாயை மூடுன்னு சொல்லுவேன். தண்ணி வீணாப் போகுதாம், அந்த அக்கறை.

போன ஜூன்ல நாகம்மா வந்து நிக்கிறா. ரஞ்சனாவுக்கு ஏழாம் மாசம்ங்கிறா. அவங்க வீட்ல ஷாத்னு செய்வாங்களாம், மாசமா இருக்கற பொண்ணுக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சுப் போட்டு விருந்து. அன்னிக்கே வளையலும் போட்டுக்கறேன், அப்பா வீட்டுப் பெட்டி வந்தா போதும், வேற ஒண்ணும் வேணாம்னு சொல்லிச்சாம் பொண்ணு.

நான் என்ன செஞ்சேன்னு நினைக்கிறீங்க? சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனேன். பஸ்ஸைப் பிடிச்சு காளிகாட் போய், கோயில் சந்துல கடை கடையா ஏறி இறங்கி கண்ணாடி வளையலா வாங்கினேன். பச்சை, சிவப்பு. ஏழு டஜன். கடைக்காரம்மா சைஸ் என்னன்னு கேட்டாங்க. மூணு வருஷமா கையைப் பாக்காதவனுக்கு சைஸ் என்ன தெரியும்? பக்கத்துல நின்ன ஒரு பொண்ணு கையைப் பாத்து, இதே மாதிரிதான்னேன். வீட்டுக்கு வந்து வெச்சதும் நாகம்மா அழுதா. அழாதடின்னு கத்திட்டு, நானும் பாத்ரூம்ல போய் நின்னேன்.

கட்டினது நான்தான். வளையல் ஒவ்வொண்ணுக்கும் பேப்பர் சுத்தி, நடுவுல பட்டுப் புடவையை மடிச்சு, மேல தட்டை, முறுக்கு, பொரிவிளங்கா உருண்டை எல்லாம் டப்பாவுல போட்டு, மூலைக்கு மூலை தெர்மோகோல். கூரியர்ல குடுத்தா தூக்கி எறிவான். நம்ம கம்பெனி லாரிதான் வாரா வாரம் சிலிகுரி டெப்போவுக்குப் போகுதே. டிரைவர் தெரிஞ்சவன். டெப்போ பையன் கொண்டுபோய் வீட்ல குடுத்துடுவான். சொந்தப் பெட்டிங்கறதால பில்லு கிடையாது, ரசீது கிடையாது. பெட்டி மேல என்ன எழுதியிருக்கோ அதுதான் எல்லாம்.

பெட்டியா? அதைத்தானே சொல்ல வரேன். பிரவுன் பெட்டி மலை மாதிரி கிடந்துச்சு. சம்பந்தி வீட்டுக்குப் போற பெட்டி, பத்துப் பேர் முன்னாடி திறப்பாங்க, பிரவுன் பெட்டியிலயா அனுப்பறது? இருக்கறதுலயே பளபளன்னு ஒண்ணை எடுத்தேன். அட்ரஸை மிஷின்ல அடிச்சாச்சு. பத்து நிமிஷத்துல காஞ்சு, கறுகறுன்னு, அவ்வளவு அழகா. பளபளப்புல இந்த மை நிக்காதுன்னு முப்பது பேருக்குப் பாடம் எடுத்தவன் நான். அந்தப் பையனே மிஷின் மாட்டின அன்னிக்கு சொன்னான், தாதா, பளபளப்புப் பெட்டி மட்டும் இந்த லைன்ல விட்டுடாதீங்கன்னு. தெரியும்டா, போடான்னேன். தெரிஞ்சேதான் செஞ்சேன் தம்பி. அந்த நேரத்துல எனக்குப் பெட்டியோட பளபளப்புதான் கண்ணுல இருந்துச்சு.

ஜூலை மழை. வழியில ஃபராக்கா பாலம் தாண்டி தார்ப்பாய் கிழிஞ்சு போச்சாம். டெப்போவுல நனைஞ்ச கையோட இறக்கியிருக்காங்க. மை பூரா போயிடுச்சு. மை போனப்புறம் அது என்ன? எங்க கம்பெனி பேர் அச்சடிச்ச ஒரு டேபிள் ஃபேன் பெட்டி. அவங்ககிட்ட அதே மாதிரி நானூறு பெட்டி இருக்கு. தூக்கி அதோட அடுக்கிட்டாங்க.

நான் போன் பண்ணேன். பண்ணாம இருப்பேனா? டிரைவர் இறக்கிட்டேங்கிறான். டெப்போக்காரன் பேர் எழுதின பெட்டி எதுவுமே வரல தாதாங்கிறான். ரெண்டு பேரும் பொய் சொல்லல. அதுதான் கொடுமை.

அங்க ரஞ்சனா புடவை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. வெறுங்கையோட. மாமியார்க்காரி நல்லவங்கதான், நாங்க வாங்கிட்டு வரோம், போட்டுக்கோ பௌமான்னு, மருமகளை அங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க, சொல்லியிருக்காங்க. இல்ல, எங்க அப்பா அனுப்பியிருக்காரு, வந்துடும்னு சொல்லிச்சாம். சாயங்காலம் வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்துச்சாம். சாப்பிடல. அதுக்காக ஆக்கின விருந்து, அதுவே சாப்பிடல. கடைசியில எல்லாரும் போனப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டு, இனிமே அப்பாகிட்ட எனக்காக எதுவும் கேக்காதம்மான்னு சொல்லிட்டு வெச்சிடுச்சு.

நாகம்மா என்னைப் பாத்தா பாருங்க. முப்பது வருஷத்துல அப்படி ஒரு பார்வை நான் பாத்ததில்ல. நீங்க அனுப்பவே இல்லதானேன்னா. லாரியில ஏத்தினேன்டின்னு கத்தறேன். ரசீது எங்கங்கிறா. ரசீது இல்ல. வாங்கினது நெசம், கட்டினது நெசம், கடைசி நேரத்துல உங்க வீம்பு விடல, எங்கயோ போட்டுட்டு வந்துட்டீங்கங்கிறா. அவமேலயும் தப்பில்ல. என்னைப் பத்தி அவளுக்குத் தெரிஞ்சதை வெச்சுத்தானே பேசறா. மறுநாளே பெட்டியைக் கட்டிட்டு சிலிகுரி போயிட்டா, பிரசவம் பாக்க. செப்டம்பர்ல பையன் பொறந்தான். மூணு மாசம் முடியப்போகுது. நாகம்மா இன்னும் வரல.

பேரனையா? பாத்தேன். நாகம்மா வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் போடுவா. இருபத்தி நாலு மணி நேரத்துல போயிடும் அது. அதுக்குள்ள ஆபீஸ்ல பத்து தடவை பாத்துப்பேன்.

இருங்க, கதை முடியல. காளி பூஜை முடிஞ்சு டெப்போவுல ஸ்டாக் எண்ணியிருக்காங்க. டேபிள் ஃபேன்ல ஒரு பெட்டி கூடுதலா இருக்கு. குறைஞ்சாத்தானே கேள்வி வரும், கூடினா எவன் கேப்பான்? ஆனா கீழ ஒரே எறும்பு. ஃபேன் பெட்டிக்கு எதுக்குடா எறும்புன்னு டெப்போ பையன் பிரிச்சுப் பாத்திருக்கான். நான் தேடின பெட்டின்னு புரிஞ்சு அப்படியே மூடி, வந்த லாரியிலயே எனக்கு அனுப்பிட்டான். பலகாரமெல்லாம் தூளாப் போச்சு. வளையல்ல ஒண்ணு உடையல தம்பி. ஏழு டஜன்ல ஒண்ணுகூட. அப்படிக் கட்டியிருக்கேன்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! சிரிப்பீங்க. எறும்பை உதறிட்டு, பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தேன். சாட்சி கிடைச்சிடுச்சுல்ல? நான் பொய் சொல்லலைல்ல? நாலு பக்கமும் போட்டோ எடுத்து நாகம்மாவுக்கு அனுப்பினேன். பாருடி, அனுப்பியிருக்கேன், மைதான் காலை வாரிடுச்சுன்னு. வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சா அட்ரஸ் இன்னும் புள்ளி புள்ளியா லேசாத் தெரியுது, அதையும் கிட்ட வெச்சு எடுத்து அனுப்பினேன். அன்னைக்கு ராத்திரியே உக்காந்துதான் இந்த மெமோவை எழுத ஆரம்பிச்சேன்.

என்ன, அந்தக் கார்ட்ரிட்ஜையா? இது வேற மையா? ஸ்பிரிட் வாசனை வருது. சரி, அடிங்க. காஞ்சுடுச்சா அதுக்குள்ள? குடுங்க, நானே தேய்க்கிறேன்.

போகலியே.

தண்ணியை ஊத்தட்டுமா? ஊத்தறேன். போகல. நகத்தால சுரண்டினாலும் போகல. அடப்பாவி, ஜூலை மாசம் எங்கய்யா இருந்தீங்க நீங்க?

இல்ல, ஒண்ணுமில்ல. கண்ணுல ஸ்பிரிட் பட்டுடுச்சு. எழுதிக் குடுத்துடறேன் தம்பி, உங்க மிஷின்தான். திங்கக்கிழமை வரைக்கும் போகவேணாம், இன்னிக்கே குடுத்துடறேன். ஜி.எம். சாருக்கு ஒரு நிம்மதி.

நாகம்மாவா? ம்... போன் பண்ணா. போட்டோ அனுப்பின மறுநாள் பண்ணா. நான் ஆவலா எடுக்கறேன். அழுவா, மன்னிச்சுக்குங்கம்பா, கிளம்பி வாங்கம்பான்னு நினைச்சுக்கிட்டு எடுக்கறேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. போட்டோவுல இருக்கறது மிஷின் எழுத்தாச்சே, நீங்க எழுதலையான்னா. பக்கத்துல ரஞ்சனா இருந்திருக்கு. மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. குழந்தையும் லேசா முனகிச்சு. நான் லைன் சரியில்லைன்னு சொல்லி வெச்சுட்டேன்.

உங்க மை நல்ல மைதான் தம்பி. ஆனா பழைய மை மேல நான் பழி போட்டு எழுதினேனே மூணு பக்கம், அது சும்மா. கிழிச்சுப் போட்டுடுவேன். பெட்டி அனுப்பின அன்னிக்கு நாகம்மா என் கையில ஒரு மார்க்கர் பேனா குடுத்துதான் அனுப்பினா. பளபளப்பு என்ன, கண்ணாடியிலகூட எழுதலாம், மழைக்கும் அசையாது. வளையல் அவளே வாங்கிக்குவா, அதுக்காகவா கேக்கறா, பெட்டி மேல அவ பேரையும் அவ புருஷன் பேரையும் சேத்து அப்பா கையால எழுதி வந்தா போதும்ங்கிறா, எழுதிடுங்கன்னு சொல்லித்தான் குடுத்தா. மூடியைக் கழட்டினேன். ரஞ்சனான்னு எழுதறதுக்குக் கையைக்கூட வெச்சேன். அடுத்தாப்ல அவன் பேரை எழுதணும். தீபக் மொண்டல். இங்கிலீஷ்ல பன்னெண்டு எழுத்து. முப்பத்தோரு வருஷமா எவன் எவன் பேரையோ எழுதின கை, வரல தம்பி. மூடியைத் திருப்பிப் போட்டுட்டு மிஷின்ல நிக்கற கலியனைக் கூப்பிட்டு, இந்த அட்ரஸை நீயே அடிச்சுடுடான்னு சீட்டைக் குடுத்துட்டு, நான் கேன்டீனுக்கு டீ குடிக்கப் போயிட்டேன்.